அனுப்புநர் பெயர்

திண்டிவனம்
9.1.2025

அன்புள்ள தம்பி சுப்பராயலுவுக்கு,

அக்கா காந்திமதி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீயும் ஜெயமும் எப்படி இருக்கிறீர்கள்? காதுக்கு வாங்கின மிஷின் இன்னும் விசில்தான் அடிக்கிறதா? போன் போட்டால் நான் ஒன்று சொல்ல, உன் காதில் வேறொன்று விழ, கடைசியில் தெருவே கூடி நின்று கேட்கிறது. அதனால்தான் கூப்பிடு தூரத்தில் இருக்கிற விழுப்புரத்துக்குத் தபால் எழுதுகிறேன். சிரிக்காதே.

எனக்கு ஒரு ஈமெயில் வேண்டும். காசு வாங்காமல் கொடுக்கிற கம்பெனிகள் நாலைந்து இருக்கின்றனவாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நெட் சென்டர் வைத்திருக்கும் பூமாலையிடம் கேட்டேன். "ஜிமெயில் போடட்டுமா, யாகூ போடட்டுமா, அவுட்லுக் போடட்டுமாக்கா?" என்று ஓட்டலில் டிபன் சொல்கிற மாதிரி அடுக்கினாள். எதைச் சொல்வது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ரயில்வே பார்சல் ஆபீசில் காலம் தள்ளினவன் நீ. எது ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று விசாரித்துச் சொல்.

யாருக்கு எழுதப்போகிறாய் என்று கேட்காதே. அவள் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று உன் மாமா சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. தாளிலும் எடுக்காமல் இருந்துவிட்டுப் போகிறேன்.

பதில் போடு.
அக்கா காந்திமதி


விழுப்புரம்
18.1.2025

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். பொங்கல் குறைவில்லாமல் ஆனது. ஜெயத்துக்கு மூட்டுவலி, தைலத்தில் ஓடுகிறது. மிஷினைக் கழற்றி வைத்துவிட்டேன். அவள் திட்டுவது கேட்பதில்லை, வீட்டில் நிம்மதி.

நீ எடுக்காத பெயரை நான் எடுக்கிறேன். சங்கவிக்குத்தானே? நீ பெற்ற பெண்ணுக்கு எழுத உனக்கு என்ன பயம்? அலெக்ஸ் வேறு சாதி, அதிலும் வேதக்காரப் பையன் என்று, அவர்கள் கல்யாணம் முடிந்த அன்றைக்கே மாமா தலைமுழுகினார். அதற்கு முன்பே "கட்டிக் குடுத்துட்டா இன்னா மாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். அன்றோடு என்னிடமும் பேச்சை நிறுத்திவிட்டார். நல்ல காரியம் செய்கிறாய். ஜல்தி செய்.

இனி கம்பெனிகள். மகள் கலைப்பிரியாவின் பழைய லேப்டாப்பில் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு பெட்டி திறந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எனக்கு நானே எழுதிப் பார்த்தேன். ஜிமெயிலில் பதினைந்து ஜிபி இடம், ஆனால் போட்டோவும் அங்கேயேதான் குடித்தனம். அவுட்லுக்கிலும் கடிதத்துக்குப் பதினைந்து. யாகூவில் ஓரத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜோஹோ சென்னைக்காரர்களுடையது, விளம்பரம் கண்ணில் படவில்லை. புரோட்டான் என்று ஒன்று கடிதத்தைப் பூட்டியே வைத்திருக்குமாம், கம்பெனிக்காரனாலேயே படிக்க முடியாதாம், இடம்தான் கொஞ்சம். எல்லாம் இலவசம் என்கிறான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் நம்புவதா வேண்டாமா என்று எனக்கே புரியவில்லை.

நாலு பேர் போகிற வழியில் நீயும் போ. ஜிமெயிலில் ஆரம்பி.

உன் தம்பி
சுப்பராயலு


திண்டிவனம்
5.2.2025

அன்புள்ள சுப்புவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஜெயத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். இங்கே நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் கிடைக்காமல் உன் மாமா கொல்லைக்கும் வீட்டுக்கும் அலைகிறார்.

பெட்டி திறந்துவிட்டேன். பூமாலையை எட்டிப் பார்க்கவிடவில்லை. அவள் நல்லவள்தான், ஆனால் அவள் கடைக்கு வருகிறவர்களுக்கு வாய் நீளம். ஒரு பேஜாரு என்னவென்றால் அது போன் நம்பர் கேட்டது. என்னுடைய பட்டன் போன் தொட்டியில் விழுந்ததிலிருந்து பேசுகிறது, எழுத்து காட்டுவதில்லை. வேறு வழியில்லாமல் உன் மாமா நம்பரைக் கொடுத்துவிட்டேன். கொல்லையில் இருந்தவருக்குப் போன் போட்டு, "ஏங்க, கேஸ் புக்கிங்குக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்றேன். ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். மேலே எதுவும் கேட்கவில்லை.

அவள் வேலைக்கு மனுப்போட்ட காலத்து யாகூ முகவரி எனக்கு மனப்பாடம். போன் நம்பர்தான் மாற்றிவிட்டாள். இப்போது எனக்கு மூன்று சந்தேகம். இப்படிக்கு என்று எங்கே எழுதுவது? அவள் அந்தப் பெட்டியைத் திறக்காமலே இருந்தால்? முக்கியமாக, அவள் படித்தாளா என்று எந்தக் கம்பெனி சொல்லும்? பதிவுத் தபாலில் கையெழுத்து வாங்கி ஒரு அட்டை திரும்பி வருமே, அந்த மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


விழுப்புரம்
14.2.2025

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே மாமாவின் அலைச்சல் குறைந்ததா?

முதல் சந்தேகத்துக்குப் பதில் சுலபம். இப்படிக்கு எழுதவே வேண்டாம். எந்தக் கம்பெனியானாலும் அனுப்புகிறவர் பெயர் மேலே தானாகவே விழுந்துவிடும். ஒரு விரலால் தட்டுகிறவளுக்கு அந்த வேலையாவது மிச்சம்.

இரண்டாவது. யாகூவில் ஒரு வருஷம் திறக்காமல் கிடந்தால் பெட்டியையே மூடிவிடுவார்களாம். மூடின பெட்டிக்கு எழுதினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். உன் கடிதம் திரும்பாவிட்டால் அவள் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் உதைக்கிறது. நான் திறந்த இலவசப் பெட்டிகள் ஒன்றிலும் அந்த அட்டை வருகிற வழியைக் காணவில்லை. கம்பெனிகளுக்குக் காசு கட்டினால் உண்டு என்கிறார்கள், அப்போதும் எதிராளி சம்மதித்தால்தானாம். கலைப்பிரியாவைக் கேட்டால், "படிச்சாங்களான்னு பாக்கறதுக்கு வாட்ஸ்அப் இருக்குதேப்பா" என்கிறாள். நம்பர் தெரிந்தால் நாம் ஏன் இங்கே முட்டிக்கொண்டிருக்கிறோம்?

ஆகவே எழுது. பதில் வந்தால்தான் படித்ததாக அர்த்தம்.

சுப்பராயலு


திண்டிவனம்
20.3.2025

தம்பிக்கு,

நலம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

வாரத்துக்கு ஒன்றாக எழுதிவிட்டேன். "நலமா? சாப்பிட்டாயா? இங்கே நல்ல வெயில். ஒரு வரி பதில் போடு." இதற்கு மேல் என் விரல் ஓடவில்லை. எதுவும் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை. அப்படியானால் படிக்கிறாள், பதில் போட மனமில்லை, அதுதானே? இல்லை கம்பெனி எங்கேயாவது கொட்டிவிட்டதா? நாலு கம்பெனியை நிறுத்துப் பார்த்து ஜிமெயில் என்று சொன்னாயே, அது சரிதானா?

ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் மாற்றி உட்கார்ந்தால் மறுபடி நம்பர் கேட்கிறது. மறுபடி கேஸ் புக்கிங். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இத்தனை சிலிண்டர் எப்படித் தீரும் என்று உன் மாமா கேட்கவேயில்லை. நிறுத்தி நிறுத்தி நம்பர் மட்டும் சொல்கிறார்.

அவள் போன அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை, சுப்பு. அவர் பேசினதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருக்கும். நான் பேசாததும் இருக்கும்.

அக்கா


விழுப்புரம்
29.3.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஜெயம் கண் கலங்கினாள். மனசை விடாதே.

நான் விசாரித்த வரைக்கும் எல்லாக் கம்பெனியிலும் குப்பைக் கடிதத்துக்கு என்று தனி மூலை உண்டு. முன்பின் தெரியாத ஆளிடமிருந்து நாலு வார்த்தை வந்தால் சில சமயம் அங்கே தள்ளிவிடும். ஜிமெயிலில் போனது மூலையில் விழுந்ததா, அவுட்லுக்கில் போனால் விழாதா, ஜோஹோவில் போனால் என்ன ஆகும் என்று நானும் தலையைப் பிய்த்துக்கொண்டேன். என் ஐந்து பெட்டிகளுக்குள் ஐந்து விதமாக அனுப்பியதில் எது எங்கே போனது என்று எனக்கே மறந்துபோய், ஏதோ ஒன்றின் சாவிச்சொல்லும் மறந்துவிட்டது. அது புரோட்டான். சொன்ன மாதிரியே பூட்டிக்கொண்டது.

இன்னொரு கம்பெனியில் பெட்டி திற. அவுட்லுக். சங்கவிக்கு எழுதும்போதே எனக்கும் ஒன்று தட்டிவிடு. என் முகவரியைத் தனித்தாளில் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். எனக்கு ஒழுங்காக வருகிறதா பார்க்கிறேன்.

மாமா கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சுப்பராயலு


திண்டிவனம்
2.5.2025

தம்பிக்கு,

சௌக்கியம். வெயிலில் தலை சுற்றியதால் எழுதத் தாமதம், இப்போது தேவலை.

அவுட்லுக் திறந்தாயிற்று. அதற்கும் உன் மாமாவிடம்தான் நம்பர் கேட்டேன். இந்தத் தடவை ஒரு கேள்வி கேட்டார். "கேஸ் கம்பெனி பேர மாத்திட்டானா? முன்ன கூகுள்னு வந்துக்கினு இருந்துச்சு, இப்ப மைக்ரோசாப்டுன்னு வருது." எனக்கு வியர்த்துவிட்டது. "தெரியலைங்க" என்றேன். "செரி, எழுதிக்கோ" என்று நம்பரைச் சொன்னார்.

அவளுக்கு ஒன்று, உனக்கு ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

அக்கா


விழுப்புரம்
10.5.2025

அன்பு அக்காவுக்கு,

நலம். நீ இளநீர் குடி, வெயிலில் அலையாதே.

உன் மெயில் இன்னும் வரவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சேதி, மாமா எனக்கு மெயில் போட்டிருக்கிறார்! மேலே ‘தணிகாசலம் திண்டிவனம்’ என்று பெயரும் ஊரும் போட்டு வந்திருக்கிறது. "நலமா? சாப்பிட்டாயா?" என்று கேட்டிருக்கிறார். ஆறு வருஷமாக என் முகத்தைப் பார்த்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற மனுஷன்! ஜெயம் நம்பவில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"மாமா அவர்களுக்கு நமஸ்காரம், உங்கள் மனசு வெள்ளை என்று எனக்கு எப்போதும் தெரியும்" என்று உடனே பதில் போட்டுவிட்டேன். வீட்டில் ஏதாவது நடந்ததா? சொல்லவே இல்லையே!

மகிழ்ச்சியுடன்
சுப்பராயலு


திண்டிவனம்
16.5.2025

அட மண்டு,

உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறேன், உன் புத்தியைப் பற்றிக் கேட்கவில்லை. அது நான் அனுப்பியது!

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். ஜிமெயிலில் பெட்டி திறந்தபோது பெயருக்கு இரண்டு கட்டம் இருந்தது. நம் வழக்கத்தில் இனிஷியல்தானே முதலில் வரும்? த.காந்திமதி. வெறும் ‘த’ என்று விடுவானேன் என்று முதல் கட்டத்தில் அவர் பெயரை விரித்து எழுதினேன். இரண்டாவது கட்டத்தில் என் பெயரை எழுதப் போனால், ‘விரும்பினால்’ என்று போட்டிருந்தது. கட்டாயமில்லாததை எதற்குச் சிரமப்பட்டுத் தட்டுவது என்று விட்டுவிட்டேன். அவுட்லுக் இரண்டாவது கட்டமும் கட்டாயம் என்றது. அதிலும் முதல் கட்டத்தில் ஜிமெயில் மாதிரியே அவர் பெயர் இருக்கட்டும், கடைசியில் வருவது ஊர்தானே என்று திண்டிவனம் போட்டேன். ரேஷன் கார்டிலிருந்து பத்திரம் வரைக்கும் அவர் பெயரில்தானே இருக்கிறது, எனக்கு வித்தியாசமாகவே படவில்லை.

நீயோ இப்படிக்கு வேண்டாம், பெயர் தானாக விழும் என்று சொல்லிவிட்டாய். விழுந்ததெல்லாம் அவர் பெயர்! இத்தனை மாதமாக நாம் இரண்டு பேரும் கம்பெனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அப்பா பெயரைப் பார்த்துப் பயந்து, அவள் திறக்காமலே தள்ளியிருப்பாளோ?

திங்கள்கிழமை போய்ப் பெயரை மாற்றப்போகிறேன்.

அக்கா


திண்டிவனம்
19.5.2025

சுப்பு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. நலம் விசாரிக்கவும் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்.

பெயர் மாற்றப் போனேன். பதில் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, உங்கள் பெயரைப் பார்த்ததும் பயமாக இருந்தது. திட்டுவீர்கள் என்று ஒன்றையும் திறக்கவில்லை. நேற்றுத்தான் அலெக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் திறக்கச் சொன்னார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் அழுதோம். நாங்கள் புனேயில் நன்றாக இருக்கிறோம். உங்களால் எழுத முடிந்திருக்கிறது. அம்மாதான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அம்மாவுக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லையா அப்பா?"

நெட் சென்டரிலேயே அழுதுவிட்டேன். பூமாலை தண்ணீர் கொடுத்து, கேட்காமலே அதை அச்சடித்தும் கொடுத்தாள். பெயரை மாற்றாமலே திரும்பிவிட்டேன்.

எழுதியதெல்லாம் நான்தான் என்று சொன்னால், அப்பா கேட்டார் என்று அழுதவளிடம் போய் இல்லை, அவர் கேட்கவில்லை என்று பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் அவளுக்கு நான் கல்நெஞ்சக்காரி. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. என்ன செய்யட்டும்?

அக்கா


விழுப்புரம்
26.5.2025

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

மூன்று நாள் யோசித்தேன். காலையில் சொல்லிவிடு என்று தோன்றுகிறது, மத்தியானம் சொல்லாதே என்று தோன்றுகிறது. ஜெயத்தைக் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் எதுக்கு யோசிச்சிக்கினு இருக்கீங்க? யாரு பேர்ல எழுதியிருக்குதோ அவருகிட்ட காட்டச் சொல்லுங்க" என்றாள்.

காட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. போனைப் பிடுங்கி வீசலாம். நீயும் வெளியே போ என்றுகூடச் சொல்லலாம். அப்படி நடந்தால் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிவிடு. உனக்கு இங்கே இடம் உண்டு.

உன் தம்பி
சுப்பராயலு


திண்டிவனம்
4.6.2025

அன்புள்ள சுப்புவுக்கும் ஜெயத்துக்கும்,

இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டும். நான் பஸ் ஏறவில்லை.

நேற்று சாயங்காலம் அவர் கொல்லையிலிருந்து வந்து காபி குடித்து முடித்ததும் அந்தத் தாளை எதிரில் வைத்தேன். படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். "நான் எப்போ எழுதனேன்?" என்றார்.

"நீங்க எழுதலைங்க. நான் எழுதனேன். உங்க பேரு விழுந்துடுச்சு."

"நீ எழுதறது தெரியும். நம்பர் கேக்கறப்பவே தெரியும். எம் பேர்ல போறதுதான் தெரியாது."

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது, தம்பி. "தெரிஞ்சிக்கினேவா நம்பர் சொன்னீங்க? அப்போ ஆறு வருஷம் எதுக்கு என் வாயக் கட்டி வெச்சீங்க?" என்று கத்திவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அந்தக் கடை எத்தினி மணிக்குத் தொறப்பாங்க?"

பூமாலை நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். தட்டித்தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். என்னையும் விடவில்லை. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கேட்டு ஒரு விரலால் தட்டினார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது, துடைத்துக்கொள்ளவில்லை. முடித்துவிட்டு, "செரியா பாரு" என்று நகர்ந்தார். இதுதான் எழுதியிருந்தார்:

"சங்கவி, முன்னே வந்ததெல்லாம் உன் அம்மா எழுதியது. சாப்பிட்டாயா என்று கேட்டது அவள். நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அப்பா."

நான் எதையும் திருத்தவில்லை. அவரே அழுத்தி அனுப்பினார்.

வாங்க போகலாம் என்றேன். "பதில் வரட்டும்" என்றார். "உடனே வராதுங்க. நாளாகும். வராமக்கூடப் போகலாம்" என்றேன். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "வரட்டும், இருக்கறேன்" என்றார். பூமாலை என்னைப் பார்த்து, "இருக்கட்டும்க்கா, இன்னிக்கிக் கூட்டமில்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்து சமைத்து முடித்துவிட்டேன். மணி இரண்டாகிறது, அவர் இன்னும் வரவில்லை. கேரியரில் சோறு கட்டியிருக்கிறேன், எடுத்துக்கொண்டு போகிறேன். போகிற வழியில் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

உங்கள் அக்கா
காந்திமதி